செலக்ஷன் மாமா

காரை நேராக நின்று பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டிக்கியிலிருந்து ஹெட்லைட் வரைக்கும் வெயில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். பிறகு எழுந்து புறங்கையால் கதவைத் தடவுவார். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த தகரம் அது. நாம் தொட்டால் கையை உதறுவோம். அவர் கை அதன் பாட்டுக்குப் போகும். பின்கதவின் கீழ்மூலையில் வந்து நிற்கும். சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்று வெளியே வரும். ஏதோ பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. வைப்பார், ஒட்டாமல் நழுவும். அதுவரை இறுகியிருந்த முகம் அப்படியே மலர்ந்துபோகும்.

"பட்டி பார்த்துகீது."

முடிந்தது. இனி அந்த வண்டியின் எஞ்சின் தங்கத்தால் வார்த்ததாக இருந்தாலும் அவர் காதில் ஏறாது.

ஆம்பூரில், எங்கள் தெருவில் அவர் செலக்ஷன் மாமா. பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் செலக்ஷன் பாய், மாதனூர்ப் பக்கம் அண்ணே. ஆள் வேறு, காந்தம் ஒன்றுதான். தோல் பதனிடும் ஷாப்பில் செலக்ஷன் மேஜை முன்னால் நின்று தலை நரைத்தவர்கள் இவர்கள். ஒரு தோலை விரிப்பார்கள், வெளிச்சத்துக்குச் சாய்ப்பார்கள், தடவுவார்கள், தரம் பிரித்துத் தூக்கிப் போடுவார்கள். அடுத்த தோல். இப்படியே ஆயுசு போனவரைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைக்கு முதல் கார் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் அவருக்குத் தெரிந்ததைத்தானே செய்வார்?

வண்டிக்கென்று அவர் தனியாகச் சொல் வைத்துக்கொள்ளவில்லை. பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள் இருந்தால் "உண்ணிக்கடி". சந்தில் உரசிய கோடு "முள் கீறல்". கதவில் ஆணி இழுத்திருந்தால் "கத்தி வெட்டு, உரிச்சவன் குடிச்சிருக்கான்". கூரையில் பெயிண்ட் பொரிந்திருந்தால் "அம்மைத் தழும்பு". வண்டியை விற்க நிற்கிற புரோக்கருக்கு இது எதுவும் புரியாது. சத்துவாச்சாரியில் ஒருவர், கார் ஏதோ மாட்டின்மேல் மோதியதாக இவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆக்சிடென்ட்டே ஆகாத வண்டி சார் என்று சத்தியம் செய்யத் தொடங்கிவிட்டார்.

பளபளவென்று புதுப் பெயிண்ட்டில் நிற்கும் வண்டியைக் கண்டால்தான் மாமாவுக்கு ஆத்திரம். "கரெக்டட் கிரெய்ன்" என்று காறித் துப்பாத குறையாகச் சொல்வார். அதற்குக் காரணம் உண்டு. தழும்பும் கீறலுமாக வந்த தோலைத் தொழிற்சாலைகள் குப்பையில் போடுவதில்லை. மேல்பரப்பை பஃபிங்கில் தேய்த்து எடுத்துவிட்டு, கெட்டியாகச் சாயம் ஏற்றி, பிளேட்டில் வைத்து அழுத்தி, இல்லாத மயிர்க்காலை இருப்பதுபோல் அச்சடித்துவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு அதுதான் முதல் தரம். மாமா இந்த வித்தையை உள்ளேயிருந்து பார்த்தவர். டிங்கரிங் கடையில் ஒடுக்கெடுத்து, பட்டி அப்பி, எமரி போட்டு, ஸ்பிரே அடித்து நிறுத்திய வண்டி அவருக்கு வேறு என்னவாகத் தெரியும்? ஊரை ஏமாற்றக் கற்ற தொழில் தன்னையே ஏமாற்ற வருகிறதே என்கிற கோபம்.

ஆக, நாங்கள் கார் தேடப் போனபோது, எங்கள் பட்ஜெட்டான இரண்டரை லட்சத்துக்கு வந்தவை எல்லாம் வரிசையாக விழுந்தன. ஆல்டோவா? தகரம் அப்பளம், தடவவே பயமாயிருக்கிறது. சான்ட்ரோவா? நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டிதான், ஆனால் இடது ஃபெண்டர் வேறு நிறம். (வேறு நிறம் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை.) வேகன் ஆரா? டப்பா மாதிரி நெட்டையாக நிற்கிறது, தடவிப் பார்க்க இடம் அதிகம், அதனால் குற்றமும் அதிகம். ஃபோர்டு ஃபிகோ நல்ல கனமான வண்டி. அதை மட்டும் கொஞ்ச நேரம் ஆசையாகத் தடவினார். ஆனால் ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதே, விற்கப் போனால் எவன் வாங்குவான் என்று கையை எடுத்துக்கொண்டார். கேஏ நம்பரா? பெங்களூர் வண்டி விலை சல்லிசாக வரும், அப்புறம் என்ஓசி வாங்கி இங்கே வரி கட்டி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளும். அது நியாயம். சென்னை வண்டியா? 2015 வெள்ளத்தில் முங்கியிருக்கும். இது 2017 வண்டி மாமா. அப்படியானால் 2023-இல் முங்கியிருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. "கழுவிட்டான்."

வேலூர் பைபாஸ் ஓரம் ஒரு கடையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை ஐ10. வெளியே தடவி முடித்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. முகம் வாடிவிட்டது. எங்களுக்கோ அன்றைக்கு வண்டி எடுத்துவிடுவோம் போலிருந்தது. புரோக்கர் தம்பி அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார்.

"சீட்டெல்லாம் ஒரிஜினல் லெதர் சார்."

ஆம்பூர்க்காரரிடம் சொல்கிற வார்த்தையா அது! மாமா ஒன்றும் பேசாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு விரலால் கிள்ளினார். மடித்தார். முகர்ந்தார். சாவி முனையால் சீட்டின் அடி ஓரத் தையலை லேசாக நெம்பி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, "இங்க வா" என்று அந்தத் தம்பியைக் கூப்பிட்டார். உள்ளே துணி.

"லெதருக்குப் பின்னால இன்னா இருக்கும்? நாரு. பஞ்சு மாதிரி நாரு. இது இன்னா? நெய்த துணி. மேல பிளாஸ்டிக். இது ரெக்சின். மயிர்க்கால் எல்லாம் ஒரே அளவா வரிசையா கீது பாரு, எந்த மாட்டுக்காவது இப்படி வரிசையா முடி முளைச்சுப் பார்த்துகீறயா?"

தம்பி ஆர்ட் லெதர் சார் என்று பின்வாங்கினார். தப்பு. அந்தச் சொல்லுக்காக மாமா இன்னும் அரை மணி நேரம் விடவில்லை. உப்புத் தோலில் ஆரம்பித்து, சுண்ணாம்பு, குரோம், நீலமாக வெளியே வரும் வெட் புளூ, கிரஸ்ட், ஃபினிஷிங் என்று காரின் பின்சீட்டில் ஒரு தொழிற்சாலையே ஓடியது. கடைக்கு வந்த வேறு இரண்டு பேரும் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டார்கள். கடைசியில் வண்டியை வேண்டாம் என்றார். சீட்டில் பொய் சொன்னவன் எஞ்சினில் சொல்ல மாட்டானா என்பது வாதம். சரியான வாதம்தான். ஆனால் அந்த எஞ்சினைத் திறந்து பார்த்தாரா? இல்லை. பானெட்டைத் தூக்கச் சொல்லி, பானெட்டின் அடிப்பக்கப் பெயிண்ட்டைத் தடவிவிட்டு மூடிவிட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் இங்கேதான். வண்டி ஓட்டப் போகிறவள் என் மகள். பதினெட்டு முடிந்து, எல்எல்ஆர் எடுத்து, மாதம் ஒன்று காத்திருந்து, எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவள். இத்தனை கடையிலும் டிரைவர் சீட்டில் அவளை உட்காரச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கிளட்ச் அவள் காலுக்கு எட்டுகிறதா, ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரிகிறதா, பிரேக் எங்கே பிடிக்கிறது, யாராவது கேட்டார்களா? டயர் எந்த வருஷத்து டயர் என்று அதன் பக்கத்திலேயே எண்ணாக அச்சடித்திருக்கிறது. அதைக் குனிந்து படித்தவள் அவள்தான். ஏர்பேக் இருக்கிறதா என்று அவள் கேட்டபோது மாமா சிரித்தார். "நீ இன்னா இடிக்கவா போற?"

இடிக்கத்தான் போகிறார்கள், முதல் வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் எங்காவது இடிக்கத்தான் செய்யும். வாசற்படியிலா, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் முதுகிலா என்பதுதான் கேள்வி. 2014-இல் குளோபல் என்கேப் நம் ஊர்ச் சின்னக் கார்களில் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ, ஐந்துமே பூஜ்ஜியம். அதற்குப் பிறகுதான் சட்டம் மெல்ல அசைந்தது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏபிஎஸ், அதே ஜூலையிலிருந்து டிரைவர் பக்கம் ஏர்பேக், 2022 பிறந்தபோது பக்கத்து சீட்டுக்கும். பழைய கார் வாங்கப் போகிற தகப்பன் ஆர்சி புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதியை. பட்டி பார்த்த கதவால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. பட்டியே பார்க்காத, மின்னுகிற, 2012 மாடல் அப்பளத்தால் ஆகும். இதை மாமாவிடம் சொன்னேன். "அது சரி, ரீசேல் வேல்யூ?" என்றார்.

இருந்தாலும் அவரை விட்டு வேறு ஆளைக் கூட்டிப் போக மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, போலாமா என்று வாசலில் நிற்பார். சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. பைசா வாங்க மாட்டார். மத்தியானம் ஒரு பிரியாணி, அதுவும் கூட வரும் கத்தரிக்காய் சரியில்லை என்றால் பாதியில் எழுந்துவிடுவார். ஃபாரம் 29, ஃபாரம் 30, லோன் முடிந்த வண்டியென்றால் பாங்கில் ஃபாரம் 35, எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். பேரம் பேசினாரென்றால் பக்கத்தில் நின்று கேட்கலாம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதே, அதைப் புரோக்கர்களின் நெஞ்சில் ஆணியாக அடித்துக்கொண்டே போனார். "புது வண்டியே எறங்கிடுச்சு, பழசு ஏன் இன்னும் மேலயே உக்காந்துகீது?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மீசை முளைக்காத பையன்கள் அப்பாவின் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு போவது சாதாரணம். அப்படி ஒரு வசதியான வீட்டில் பதினாறு வயசுப் பையனுக்குக் கார் பார்க்க மாமாவைக் கூப்பிட்டார்கள். வயசு வராத பிள்ளை ஓட்டிச் சிக்கினால் தகப்பனுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. 2019-இல் வந்த திருத்தம். மாமாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமோ என்னவோ. போனார், பையனை மேலும் கீழும் பார்த்தார். "இது இன்னும் பச்சைத் தோல். பதம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஏன் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்று ஒரு நாள் பிரியாணிக் கடையில் கேட்டேன். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். நல்லது என்று அவர் அனுப்பிவிட்ட தோலில் ஷூ செய்து ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போய், அங்கே ஒருத்தன் கீறல் கண்டுபிடித்து கிளெய்ம் போட்டால், முதலாளி கூப்பிடுவது செலக்ஷன்காரனைத்தான். தோல் கொடுத்த மாட்டைக் கேட்க முடியாது, உரித்தவனைக் கண்டுபிடிக்க முடியாது. ரிஜெக்ட் பண்ணிய தோலுக்காக மட்டும் யாரும் யாரையும் திட்டியதே இல்லை.

காரை எடுத்தது கடைசியில் மகள்தான். போனில் எம்பரிவாகனைத் திறந்து பதிவுத் தேதியும் இன்சூரன்ஸும் பார்த்தாள், பட்ஜெட்டை என்னிடம் பேசிப் பேசி ஏற்றினாள், 2022-இல் பதிவான, இரண்டு ஏர்பேக் உள்ள ஒரு சின்னக் காரை வேலப்பாடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இதுதான் என்றாள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்து சரி என்றார். வலது பின்கதவில் பட்டி இருந்தது. மாமா காந்தத்தை எடுத்தார், வைத்தார், நழுவியது, என் மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காந்தத்தைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பி கிரேடு. எடுக்கலாம்."

இப்போது ஊர் முழுக்க அந்த வண்டியை எடுத்துக் கொடுத்தது அவர்தான். வாணியம்பாடியில் ஒருவர் பையனுக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம், குடியாத்தத்தில் இன்னொருவராம். அவ்வளவு தூரம் எக்ஸ்எல்லில் போக இடுப்பு விடவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா ஃப்ரீயா என்று கேட்டுக்கொண்டு வருகிறார். அவளும் போகிறாள். திரும்பி வந்து ஒரே புகார்தான்: சிக்னலில் நின்றால் போதும், இந்த மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பக்கத்துக் கார் கதவைத் தடவுகிறார், உள்ளே இருப்பவர்கள் என்னை முறைக்கிறார்கள்.