சுமாரான பர்கரின் சமூகப் பயன்: சென்னை நண்பர் குழாம்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

சங்க இலக்கியத்தில் பறவைகள், கம்பனில் நீர் மேலாண்மை என்று ஆய்வேடுகளை எழுதிக் குவித்த நம் அறிஞர்கள், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பிறகு நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலையில் நடப்பதை ஏனோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதிய பர்கர் கடை ஒன்று திறக்கிறது. ரிப்பன் வெட்டிய ஈரம் காய்வதற்குள் அதன் ரீல்ஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. "மச்சி, இந்த சனிக்கிழமை போலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் ஞாயிறு அதிகாலைக்கும் இடையில் நிகழ்வனவற்றை முறைப்படி வகுத்தும் தொகுத்தும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள்

நல்ல பர்கர் கூட்டத்தைக் கலைக்கும். சுமாரான பர்கர் கூட்டத்தைச் சேர்த்துவைக்கும். நண்பர்கள் புதுக்கடை தேடிப் போவது நல்லதைத் தின்பதற்காக அல்ல, சேர்ந்து உட்கார்ந்து குறை சொல்வதற்காகவே. இக்கருதுகோளைக் கேட்டவுடன் மறுப்பவர்கள், தங்கள் குழுவில் கடைசியாக எந்தக் கடையைப் பற்றி அதிக நேரம் பேசினார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு மேலே படிக்கவும்.

ஆய்வு எல்லை

தெற்கே திருவான்மியூர், வடமேற்கே அண்ணா நகர் என எல்லை வகுக்கப்பட்டது. குடும்பத்தோடு செல்லும் பயணங்கள் விலக்கப்பட்டன. அங்கே குறை சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உண்டு. அலுவலக டீம் டின்னரும் விலக்கப்பட்டது. கம்பெனி காசில் வரும் பர்கர் எப்போதும் நன்றாகவே இருக்கும். கல்யாணமானவர்கள், "பதினோரு மணிக்குள்ள வீட்ல இருக்கணும்டா" என்ற முன்நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

முந்தைய ஆய்வுகள்

பர்கரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு அமெரிக்காவில் இன்னும் முடிந்தபாடில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் சீமோர் என்ற ஊர், 1885-இல் எங்கள் சந்தையில்தான் பிறந்தது என்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹாம்பர்க் என்ற ஊரும் அதே 1885-ஐச் சொல்லி உரிமை கோருகிறது. கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் உள்ள லூயிஸ் லஞ்ச் கடைக்காரர்கள், 1900-இல் நாங்கள்தான் தொடங்கினோம் என்கிறார்கள். அந்தக் கடையில் இன்றும் பர்கரை பன்னில் வைக்காமல் ரொட்டித் துண்டுகளுக்கு இடையில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். கெட்சப் கேட்டால் கிடைக்காது.

இந்த வழக்கு நம் ஆய்வுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. பர்கர் உலகை வென்றதால்தான் மூன்று ஊர்கள் அதற்கு அடித்துக்கொள்கின்றன. நண்பர் குழுவிலும் அப்படியே. கடை நன்றாக இருந்துவிட்டால், "இத மொதல்ல சொன்னது நான்தான்" என்று மூவர் எழுவர். கடை மோசமாக இருந்தால் ரீல்ஸை ஃபார்வர்ட் செய்தவரைத் தவிர வேறு தகப்பன் அதற்குக் கிடையாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, மெக்டொனால்ட்ஸ் தன் முதல் கடையை 1996-இல் டெல்லி வசந்த் விஹாரில் திறந்தது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல், பிக் மேக்கின் இடத்தில் மகாராஜா மேக் வந்தது. பின்னால் வந்த உருளைக்கிழங்கு டிக்கி பர்கர்தான், சைவ நண்பர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு குழுவாகப் போக வழிசெய்தது. 1986 முதல் தி எகனாமிஸ்ட் இதழ் பிக் மேக் விலையை வைத்து நாடுகளின் நாணய மதிப்பை அளந்துவருகிறது. பர்கரை வைத்து நாணயத்தை அளக்கலாம் என்றால், நட்பை அளப்பதில் தவறில்லை.

இயல் 1: கடைத்தேர்வு

மூன்று நண்பர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ஈசிஆர் பிடிக்கும், அது இல்லையென்றால் நுங்கம்பாக்கம், அதுவும் இல்லையென்றால் அண்ணா நகர். இரண்டாமவருக்கு நுங்கம்பாக்கம், அண்ணா நகர், ஈசிஆர் என்பது வரிசை. மூன்றாமவருக்கு அண்ணா நகர், ஈசிஆர், நுங்கம்பாக்கம். இப்போது வாக்கெடுப்பு நடத்துங்கள். ஈசிஆரா நுங்கம்பாக்கமா என்றால் ஈசிஆர் வெல்லும். நுங்கம்பாக்கமா அண்ணா நகரா என்றால் நுங்கம்பாக்கம். அப்படியானால் அண்ணா நகரை ஈசிஆர் ஊதித்தள்ள வேண்டும் அல்லவா? இல்லை, அங்கே அண்ணா நகர் வெல்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டுக்கு ஒன்று. ஜனநாயகம் வட்டமடிக்கிறது, மணி எட்டே கால்.

இந்தச் சிக்கலை பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-இலேயே கண்டு சொல்லிவிட்டார். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1951-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்தால், நியாயமான சில நிபந்தனைகளையெல்லாம் ஒருசேர நிறைவேற்றும் தேர்வுமுறை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும், அது ஒரே ஒருவரின் சர்வாதிகாரம் என்று நிறுவினார். 1972-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சென்னை நண்பர்கள் ஆரோவைப் படித்ததில்லை. ஆயினும் அவர் முடிவுக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள்: கார் எடுத்துவருபவர் எங்கே நிறுத்துகிறாரோ, அதுவே கடை. பார்க்கிங் உள்ள கடையே நல்ல கடை என்பது இதன் கிளைத்தேற்றம்.

அடுத்து, "எங்க வேணா ஓகே மச்சி" என்பவரை ஆராய வேண்டும். இவர் ஒவ்வொரு குழுவிலும் தவறாமல் காணப்படும் உயிரினம். கடை முடிவாகும் வரை இவருக்குக் கருத்தே கிடையாது. மெனு கார்டு கைக்கு வந்ததும் கருத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. இவரைப் புரிந்துகொள்ள 1974-இல் ஜெர்ரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் எழுதிய அபிலீன் முரண் உதவும். டெக்சாஸ் மாநிலத்தின் கோல்மன் ஊரில், கொளுத்தும் வெயிலில், வீட்டில் நிம்மதியாக டாமினோ ஆடிக்கொண்டிருந்த குடும்பத்தில் மாமனார், "அபிலீனுக்குப் போய்ச் சாப்பிடலாமா?" என்றார். ஏசி இல்லாத காரில் 53 மைல் போய், மோசமான சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பிவந்த பிறகுதான் தெரிந்தது, நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பம் இருந்ததில்லை. மற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

மேலாண்மை நூல்கள் இதை எச்சரிக்கைக் கதையாகச் சொல்கின்றன. நம் பார்வையில் அது வெற்றிக் கதை. அபிலீனில் சாப்பாடு நன்றாக இருந்திருந்தால், நமக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தே இருக்காது.

இயல் 2: பர்கர்

வளர்ந்த மனிதர் ஒருவர் வாயை முழுக்கத் திறந்தால் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே சுமார் 40 முதல் 60 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும் என்பது பல் மருத்துவர் கணக்கு. புதுக்கடைகளின் பர்கர் இந்தக் கணக்கை ஒருபோதும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு பேட்டி, இரண்டு சீஸ், வறுத்த வெங்காயம், முட்டை, உச்சியில் ஒரு மூங்கில் குச்சி. வாய்க்குள் போகாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் கறுப்புக் கையுறை கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் மருத்துவர்களைப் போல, குழுவில் உள்ள ஐவரும் கையுறை மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒருவரும் தொடக்கூடாது. இன்னும் போட்டோ எடுத்து முடியவில்லை. சீஸ் உறைந்து, சிப்ஸ் ஆறிய பின்பே உத்தரவு வரும்.

இப்போது ஸ்மாஷ் பர்கருக்கு மவுசு. கைமாவை உருண்டையாகப் பிடித்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, போட்டவுடன் அழுத்தித் தட்டையாக்குவார்கள். கறியின் அடிப்பரப்பு முழுதும் கல்லில் ஒட்டுவதால் ஓரமெல்லாம் முறுகும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தரும் இந்த நிகழ்வை விளக்கியவர் பிரான்சின் லூயி கமீல் மய்யார், ஆண்டு 1912. தோசை முறுகுவதும் பெருமளவு இதே வேதியியல்தான். கல்லில் சூடு குறைந்தால் கறி முறுகாது, தன் நீரிலேயே வேகும். கூட்டம் அலைமோதும் திறப்பு வாரத்தில் கல்லின் மேல் உருண்டைகளை நெருக்கிப் போடுவதால் சூடு இறங்கிவிடுகிறது. புதுக்கடைக்கு முதல் வாரமே ஓடுபவர்கள் சுமாரான பர்கரைத் தின்பதற்கு இதுவே அறிவியல் காரணம்.

இனிக் களச்சான்று. நல்ல பர்கர் வந்த மேசையில் பதிவான உரையாடல் முழுமையாக:

"செம."

"ம்."

சுமாரான பர்கர் வந்த மேசையில் பதிவானதன் ஒரு பகுதி:

"என்னடா இது, பன்னு பிஞ்சு கையோட வருது."

"பிரியோஷ்டா. அப்படித்தான் இருக்கும்."

"இதுக்கு எங்க ஏரியா பேக்கரி பன் பட்டர் ஜாம் எவ்ளோவோ மேல்."

"நீ சொன்னியேன்னு வந்தோம் பாரு."

"ரீல்ஸ்ல நல்லாதான்டா இருந்துச்சு. செஃப் மாறியிருப்பான்."

"தெறந்தே மூணு நாள்தான்டா ஆவுது!"

முதல் மேசை இருபது நிமிடத்தில் காலியானது. இரண்டாம் மேசையில் விளக்கை அணைக்கத் தொடங்கிய பிறகும் பேச்சு ஓயவில்லை. அங்கிருந்து அடுத்த இடத்துக்கும் தொடர்ந்தது.

இயல் 3: இரவுக்கூடம்

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். பப் என்று சொல்லப்படுவன பெரும்பாலும் ஹோட்டல்களுக்குள் அவற்றின் உரிமத்தின் கீழ் நடப்பவை. ஆகவே சென்னையில் இரவு வாழ்க்கையைத் தேடிப் போகிறவர், முதலில் லிஃப்ட் தேட வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்கள் மட்டும் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்பது வாசலில் நிற்கும் பவுன்சரின் சட்டம். "ஸ்டாக் என்ட்ரி இல்ல சார்" என்ற வாக்கியம், கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் நட்பை மிக வேகமாக இறுக்கும் பசை. பொது எதிரி கிடைத்த மாத்திரத்தில், பன் பிய்ந்த பகையெல்லாம் மறந்துபோகிறது.

உள்ளே போனால் இருட்டு. மெனுவை மொபைல் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். விலைப் பகுதியை விரலால் மறைத்துக்கொள்வது நல்லது. இரைச்சலில் பேசுகிறவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் எழுதினார். பக்கத்து மேசைக்காரரும் உயர்த்துவார். அதற்காக இவர் இன்னும் உயர்த்துவார். பத்து மணிக்கு மேல் பேச்சு முழுவதும், "என்ன?", "என்னது?", "வெளிய வா சொல்றேன்" என்ற மூன்று வடிவங்களில் அடங்கிவிடுகிறது. இரவுக்கூடத்தில் உரையாடல் இயலாது என்பதே அதன் தனிச்சிறப்பு. குறைகள் இங்கே சேமிக்கப்படுகின்றன, வெளியே வந்ததும் செலவழிக்கப்படுகின்றன.

டிஜே பற்றி ஒரு குறிப்பு. இரவு முழுக்க யாருக்கும் வரி தெரியாத பாட்டுகளைப் போட்டுவிட்டு, மூடும் நேரம் நெருங்கும்போது குத்துப்பாட்டைப் போடுவார். அதுவரை சுவரோரம் கைகட்டி நின்ற கூட்டம் ஒரே நொடியில் தளத்துக்கு வரும். "இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல" என்பது அன்றைய இரவின் கடைசிக் குறை. அதற்காகவே அவர் முதலில் போடுவதில்லை என்று கருத இடமுண்டு.

இயல் 4: பில்

உணவுக்குப் பெரும்பாலும் 5 சதவீத ஜிஎஸ்டி. மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநிலத்தின் வாட் தனி. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டதை, குழுவில் ஒருவர் எப்போதும் மனப்பாடமாக வைத்திருப்பார். மற்றவர்கள் அவரைப் பார்த்து, "விட்றா, அசிங்கமா இருக்கு" என்பார்கள்.

மொத்தத்தைச் சமமாகப் பிரித்தால் என்ன ஆகும்? கனீசி, ஹருவி, யஃபே ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனியாகப் பணம் கட்டுபவர்களைவிடச் சமமாகப் பிரித்துக்கொள்பவர்கள் அதிகம் ஆர்டர் செய்வது தெரியவந்தது. என் பங்கில் ஒரு துளிதான் ஏறும் என்ற துணிவில் எல்லாரும் கூடுதலாக வாங்க, எல்லார் பங்கும் ஏறுகிறது. சென்னைக் களத்தில் இதற்கு ஓர் உச்சநிலை உண்டு: ஒரு ஃப்ரெஷ் லைம் சோடா மட்டும் குடித்த சைவ நண்பர், மூன்று காக்டெயில்களில் ஐந்தில் ஒரு பங்கைச் செலுத்துகிறார். ரிவார்டு பாயிண்டுக்காக ஒருவர் தன் கார்டைத் தேய்க்கிறார். மற்றவர்கள், "ஜிபே பண்ணிடறேன் மச்சி" என்கிறார்கள். வராத அந்த ஜிபே, அடுத்த சந்திப்பை உறுதிசெய்யும் முன்பணம்.

எதிர்நிலைச் சான்று

நள்ளிரவு தாண்டியதும் ஐவருக்கும் பசிக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் ஆணையிட்டது. அவர்கள் போய் நிற்பதோ, மாஸ்டரும் சப்ளையருமாக இருவர் மட்டுமே உள்ள ஒரு கையேந்தி பவன். கொத்து பரோட்டா வருகிறது. யாரும் போட்டோ எடுப்பதில்லை. யாரும் ஸ்டார் போடுவதில்லை. கையுறை கிடையாது, சால்னா உண்டு. ஒரு குறையும் எழவில்லை. பத்தே நிமிடத்தில் கை கழுவிவிட்டு, "சரிடா, பாப்போம்" என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். நல்ல உணவு கூட்டத்தைக் கலைக்கும் என்ற கருதுகோளின் முதற்பாதி இங்கே ஐயமற நிறுவப்படுகிறது.

முடிவுரை

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், நண்பர் ரால்ஃப் லெய்ட்டனுடன் சாப்பிடப் போனபோது எழுந்த சந்தேகத்தைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்: புதிதாக ஒன்றை முயல்வதா, இதுவரை உண்டவற்றில் சிறந்ததையே மறுபடி கேட்பதா? தொடக்கத்தில் தேடு, ஓரளவுக்குப் பின் கண்டதில் சிறந்ததைப் பிடித்துக்கொள் என்பது விடையின் சாரம். கணக்கு சரி. ஆனால் நம் குழுக்கள் ஒருநாளும் இரண்டாம் கட்டத்துக்கு வருவதில்லை. சிறந்த கடை எது என்று தெரிந்த பிறகும், அடுத்த சனிக்கிழமை தெரியாத கடைக்கே போகிறார்கள். ஃபெய்ன்மன் சுவையைக் கூட்ட வழி சொன்னார். இவர்கள் கூட்டுவது பேச்சை. இதனால் கருதுகோளின் பிற்பாதியும் நிறுவப்பட்டது.

பரிந்துரைகள்

ஒன்று, புதுக்கடை முதலாளிகள் தங்கள் பர்கரில் சிறு குறை ஒன்றைத் திட்டமிட்டே விட்டுவைக்கலாம்; பன்னில் விட்டால் போதுமானது. இரண்டு, சைவ நண்பரின் பில்லைத் தனியாகப் போடச் சட்டம் இயற்ற வேண்டும். மூன்றாவது, வாசகர்களுக்கான வேண்டுகோள்: உண்மையிலேயே நல்ல பர்கர் கடை ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து குழுவில் சொல்லிவிடாதீர்கள். வாரநாளில் தனியாகப் போய், வாயாரச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் வீடு வந்து சேருங்கள். சனிக்கிழமைக்கு வேறு ரீல்ஸை ஃபார்வர்ட் செய்யுங்கள்.