பிள்ளையார் குடிச்ச பால்

ஏலே பேராண்டி, அந்தப் புத்தகத்தை மூடிட்டு இங்கன வந்து உக்காரு. சமூக உளவியல் படிக்கியாம். நாளைக்கு அட்சய திருதியைக்கு விடியக்காலம் உஸ்மான் ரோட்டு நகைக்கடை வரிசையில நிக்கப் போறியாம். ரெண்டும் ஒரே ஆளுதானான்னு ஒங்க ஆச்சி கேக்கா.

நான் சிரிக்கலலே. வரிசைன்னா எனக்கும் ஒரு கதை உண்டு. 1995 செப்டம்பர் 21. ஒங்கப்பன் மந்தைவெளிக்குக் குடிவந்த புதுசு. நாங்க ஊர்லேருந்து வந்திருந்தோம். விடியுமுன்ன தில்லியில பிள்ளையார் பால் குடிச்சிட்டாராம். வாட்ஸாப் எழவெல்லாம் அப்ப ஏது? டெலிபோன்லயே சேதி நாடு பூரா ஓடி, லண்டன் சவுத்தால் வரைக்கும் போயிருச்சு. நம்ம தெருமுக்குப் பிள்ளையார் மட்டும் வெரதமா இருப்பாரு? டம்ளரைத் தூக்கிட்டுப் போய் நின்னேன்.

என் மொறை வந்துச்சு. கரண்டியைத் தும்பிக்கையோட ஒட்டுனேன். பால் கொறையுது, வாஸ்தவம். ஆனா கல்லை ஒட்டி நூலா எறங்கி, தொந்தியைச் சுத்தி, காலடியில குளமா நிக்கு. ரெண்டு கண்ணாலயும் பாக்கேன். முன்னால நின்ன நாப்பது பேரும் ‘குடிச்சிட்டாரு’ன்னாங்க. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டு ‘குடிச்சிட்டாரு’ன்னேன்.

பொறவு தில்லி விஞ்ஞானிக சாயம் கலந்த பாலை ஊட்டி, அது வழியிற தடத்தைக் காட்டி, பரப்பு இழுவிசைன்னாங்க. அது பாலுக்குப் பதில். என் வாய்க்கு?

நீ வாசிச்சியே, சாலமன் ஆஷ்னு ஒரு அமெரிக்காக்காரரு, 1951-ல. கோட்டைக் காட்டி, இதுக்குச் சமமான கோடு எதுன்னு கேட்டாராமே. கூட இருந்தவனெல்லாம் அவரு சொல்லிவச்ச ஆளு. ஒண்ணுபோலத் தப்பாச் சொல்லுதான். நடுவுல மாட்டுன அப்பிராணி, மூணுக்கு ஒரு தடவை அந்தத் தப்பையே சொல்லிருக்கான். அவன் காலேஜ் பையன். நான் ஏழாங்கிளாசு.

ஒருத்தன் சரியாச் சொல்லிட்டா, அந்தத் தப்பு நாலுல ஒரு பங்காக் கொறைஞ்சிருமாமே? அந்த ஒருத்தி எனக்குப் பின்னாலதான் நின்னா. ‘சாமி எங்க குடிச்சாரு? எறும்புல்லா குடிக்கு’ன்னு ஒங்க ஆச்சி சத்தமாக் கேட்டா. ஒடனே நாலு பேரு ‘நானும் அப்பவே நெனைச்சேன்’னாங்க. நெனைச்சவங்க கையில எல்லாம் டம்ளரு! அவளுக்குப் பக்தி கொறைவுன்னு எண்ணிராத, பால் வெலை தெரிஞ்சவ.

எங்க ஊர்ல இந்தத் திருதியைக்குன்னு ஒரு குந்துமணித் தங்கம் வாங்குனவன் கிடையாது. நீ போ, தாராளமாப் போ. ஆச்சியையும் கூட்டிட்டுப் போ. ஒரே சங்கதி, கடைக்குள்ள உக்காரவச்சு ரோஸ்மில்க் நீட்டுவான், அவளைக் குடிக்க விட்றாத. ஒருத்தன் கையால வாங்கிக் குடிச்சிட்டா, சும்மா எந்திரிச்சு வர அவளுக்கு மனசு வராது. போன தடவை ஒரு கிளாஸ் ரோஸ்மில்க் எனக்கு ஒரு பவுன் வெலையில முடிஞ்சுது.