அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளுங்க

வீடு வீடாகப் போய், ஜனங்கள் எதை நல்லது என்கிறார்கள், எதைத் தப்பு என்கிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதுகிற வேலையை நான் இரண்டு கோடை பார்த்திருக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் படிவக் கட்டு. நாயைக் கண்டு ஓடக் கூடாது, மோர் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்லி அனுப்பினார்கள். நாயாவது வாசலோடு நின்றுவிடும். அதைத் தாண்டிப் போனால் கூடத்தில் பனியனும் கைலியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குடும்பத் தலைவர். தெருவுக்குத் தெரு இருப்பார். நல்ல மனிதர், ஃபேனை நம் பக்கம் திருப்பிவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே கேட்பார். "கவுன்சிலர் அனுப்பினாரா?" இல்லை. "ஆயிரம் ரூபா விஷயமா?" இல்லை. "சும்மா கருத்து கேக்கிறீங்களா? கேளுங்க, கேளுங்க." கால் மேல் கால் ஏறிவிடும்.

இங்கேதான் சிக்கல். யாரிடம் கேட்பது என்பதை நானும் முடிவு செய்ய முடியாது, அவரும் முடியாது. லெஸ்லி கிஷ் என்கிற புள்ளியியல்காரர் 1949-இல் அதற்கு ஒரு வழி சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கும் பெரியவர்களை, முதலில் ஆண்கள், பிறகு பெண்கள் என்று மூத்தவரிலிருந்து வரிசையாக எழுதி எண் போட வேண்டும். படிவத்தோடு வரும் அட்டவணை எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அவரிடம் மட்டும்தான் கேள்வி. முன்னால் உட்கார்ந்திருப்பவரே வீட்டுக்கெல்லாம் சேர்த்துப் பேசிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கிஷ் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். நம் குடும்பத் தலைவரை அவர் எங்கே பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் சொல்லும் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர். அட்டவணை நாலைக் காட்டியது. மருமகள்.

"அவளுக்கு என்ன தெரியும்? என்னைக் கேளுங்க தம்பி."

"அவங்களைத்தான் கேக்கணும்ங்க. அதுதான் விதி."

"குடும்பத் தலைவர் இங்க நான் இருக்கேன். இது எந்த ஊரு விதி?"

இப்படிக் கேட்டவர்தான், 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு வாங்கியபோது, 'குடும்பத் தலைவி' என்று மனைவியைத் தாமே முகாமுக்குக் கூட்டிப்போனவர். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தடவை பதவியை விட்டுக்கொடுத்தாயிற்று. காசு வராத காகிதத்துக்கெல்லாம் கொடுக்க முடியுமா?

கடைசியில் சமரசம் ஆனது. மருமகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்வி அவரைப் பார்த்துப் போகும். பாதி வழியிலேயே மாமனார் அதை மறித்துக்கொள்வார். "மாமா சொல்றதுதாண்ணே" என்பார் அந்தப் பெண். எனக்கு எழுதக் கை வராது. திரும்பவும் கேட்பேன். திரும்பவும் மாமாதான்.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1981-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஓர் ஆய்வு, ரொனால்ட் இங்கில்ஹார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் முயற்சியால் வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேயாகப் பெருத்தது. இந்தியா அதில் 1990-இல் சேர்ந்தது. அதில் பேர்போன கேள்வி ஒன்று: பொதுவாக மனிதர்களை நம்பலாமா, அல்லது பழகும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமா? நார்வேயிலும் டென்மார்க்கிலும் பத்துப் பேரில் ஏழு பேராவது நம்பலாம் என்கிறார்கள். நம்மவரும் சளைத்தவரில்லை. "நம்பணும் தம்பி. மனுஷனை மனுஷன் நம்பலேன்னா எப்படி?" என்றார். சொல்லும்போதே என் அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

யார் யார் பக்கத்து வீட்டுக்குக் குடிவரக் கூடாது என்று அடுத்த கேள்வி. வேறு மதத்தவர், வேறு மொழி பேசுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர் என்று பட்டியல் நீளும். "நமக்குப் பேதமே கிடையாது, எல்லாரும் வரலாம்" என்றார். மாடி போர்ஷன் காலி. 'சைவம் மட்டும்' என்று கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டேதான் நான் உள்ளே வந்திருந்தேன். பட்டியலில் 'அதிகமாகக் குடிப்பவர்' வந்ததும் குரலைத் தாழ்த்தி, "எதிர்வீட்டைத்தானே சொல்றீங்க? யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார்.

லஞ்சம் வாங்குவதை நியாயப்படுத்த முடியுமா, ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் சொல்ல வேண்டும். முடியவே முடியாது என்றால் ஒன்று. "ஒண்ணு" என்று பாய்ந்தார். பிறகு ஏதோ தோன்றி, "வாங்குறதுக்குத்தானே?" என்றார். வாங்குவதற்குத்தான். "அப்ப சரி. குடுக்கிறது வேற. நம்ம காரியம் நடக்கணும்ல."

வாழ்க்கையில் கடவுள் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் பத்து வரை எண். இதில் மட்டும் யோசித்தார். "பத்துதான் இருந்துச்சு. பையன் பி.எட். முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, வேலை வரலை. எட்டு போடுங்க. வேலை வந்ததும் மாத்திக்கலாம்ல?"

அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். வீடு தேடி வந்தவருக்குப் பழையதை எடுத்து வைக்க யாருக்கு மனசு வரும்? கருத்தையும் அவர் புதிதாகத்தான் வடித்துப் போட்டார்.

பியூ ஆய்வு மையம் 2019-20-இல் இந்தியாவில் மத நம்பிக்கை பற்றி 17 மொழிகளில் நேரில் போய்க் கேட்ட கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்கள் 29,999 பேர். முப்பதாயிரத்துக்கு ஒன்று குறைகிறது. அந்த ஒருவர் எழுந்து மோட்டார் போடப் போயிருப்பார் என்பது என் ஊகம். நான் போயிருந்த இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. "தண்ணி வந்திருச்சு" என்று கொல்லையிலிருந்து குரல் வந்ததும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர் ஓடினார்.

அடுத்த கேள்விக்கு அட்டை உண்டு. பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டிய குணங்கள் என்று பதினொன்று அச்சிட்டிருக்கும். ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது. மருமகள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் மேலே போனார். பிறகு விரல் வைத்துச் சொன்னார்: சுயமாக நிற்பது, கடின உழைப்பு, கற்பனை, விடாமுயற்சி, பிறரை மதிப்பது.

சுயமாக நிற்பதையும் விடாமுயற்சியையும் எடுப்பவர்களை ஒரு பக்கமும், கீழ்ப்படிதலையும் மத நம்பிக்கையையும் எடுப்பவர்களை இன்னொரு பக்கமும் வைத்து இங்கில்ஹார்ட் ஒரு குறியீட்டெண் போட்டார். அவர் கணக்கில் இந்தப் பெண் முழு மதிப்பெண். ஏன் எடுத்தாய், ஏன் விட்டாய் என்று நாங்கள் கேட்கக் கூடாது. ஆனாலும் என் கண் கீழ்ப்படிதல் என்ற வரியில் நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"அது இங்க வேணுங்கிற அளவு இருக்குண்ணே."

தலைவர் ஈரக்காலோடு வந்து உட்கார்ந்தார். "எது வரைக்கும் ஆச்சு? குடுங்க, நான் சொல்றேன்." அட்டையை எட்டிப் பிடித்துப் பார்த்தார். "பதினொண்ணும் போடுங்க. இதுல எதைத் தம்பி விடுறது?"

"அது முடிஞ்சிருச்சுங்க."

"யாரு சொன்னா?"

மருமகள் காப்பி கலக்க உள்ளே போயிருந்தார்.

கடைசிப் பக்கம் நான் நிரப்ப வேண்டியது. பேட்டியைக் கேட்கும்படி வேறு யாராவது அருகில் இருந்தார்களா? 'ஆம்' என்பதில் டிக் அடித்தேன். பேசியது யார் என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.