லைக் ஒரு தரம், லைக் ரெண்டு தரம்…

சிற்றூரில் ஒரு கலை மன்றம் தொடங்க மூன்று பேர் போதும்: தலைவர், செயலாளர், வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். கலைஞர்கள் பிறகு மெல்ல வந்து சேர்ந்துகொள்வார்கள். முகப்புப் படமாக நடராஜரை ஒட்டிய மறுநாள் காலை, குரூப்பில் முதல் ரோஜாப்பூ வந்து விழும். "இனிய காலை வணக்கம்." கீழே வரிசையாகக் கும்பிடு. எட்டு மணிக்குத் தொலைந்துபோன ஆதார் அட்டை. ஒன்பது மணிக்கு யாரோ ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி, அதற்கும் கும்பிடு. இவற்றுக்கு நடுவே "ஞாயிறு மாலை பறைப் பயிற்சி, அனைவரும் வருக" என்று ஒரு வரி கிடக்கும். அதற்கும் ஒருவர் கும்பிடு போட்டிருப்பார். வருகிறேன் என்கிறாரா, ஆளை விடுங்கள் என்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

போடிநாயக்கனூரில் இப்படியொரு மன்றம் அமைந்தால் கைச்சரக்குக்குப் பஞ்சமே இராது. ஜமீன் அரண்மனைச் சுவரில் ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அல்லிநகரம் பாரதிராஜா, பண்ணைப்புரம் இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று ஊர்ப் பெயரையே இனிஷியல்போலச் சொல்லிக்கொள்ளும் தேனி மாவட்டம் இது. அண்ணாந்து பார்த்தால் குரங்கணி, கொட்டகுடி, அதற்கு மேலே டாப் ஸ்டேஷன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மன்றத்தின் பேஸ்புக் பக்கம் எதைக் காட்டும்? தலைவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதைக் காட்டும். அடுத்த படத்தில் அந்த ஒருவர் தலைவருக்குப் போர்த்துவார். பொன்னாடை அநேகமாக ஒன்றேதான்.

நிகழ்ச்சி அறிவிப்பு இன்னும் விசேஷம். ஃப்ளெக்ஸ் போர்டுக்காகச் செய்த டிசைனை அப்படியே போனுக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே கலைவாணி. இரு பக்கமும் புரவலர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். அத்தனையும் ஒரே ஸ்டூடியோவில், ஒரே நீலத் திரைக்கு முன்னால் எடுத்தவை. நடுவில் "மாபெரும்" என்ற சொல் மட்டும் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கித் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தால் "இடம்: வழக்கமான இடம்" என்றிருக்கும். வழக்கமாக வருகிறவருக்கு அறிவிப்பே தேவையில்லை. புதிதாக வர நினைப்பவருக்கு அந்த வழக்கம் தெரியாது.

சமூக ஊடக வியூகம் என்ற பெயரில் நகரத்து ஆலோசகர்கள் ஸ்லைடு போட்டுக் காட்டும் பாதி விஷயம் போடிக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கே 2007-லேயே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒரு பழக்கம் மாறவில்லை: விலை கேட்பதற்கு முன் ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் வியாபாரியின் கைக்குப் போகும். அவர் நாலு காயை உள்ளங்கையில் உருட்டுவார், பச்சை நிறம் பார்ப்பார், எட்டு எம்எம் தேறுமா என்று கண்ணாலேயே அளப்பார், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை. "எங்கள் பாரம்பரியமிக்க தோட்டத்தில் விளைந்த மாபெரும் ஏலக்காய்" என்று யாரும் அங்கே உரையாற்றுவதில்லை. 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோதும் காய்க்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

மன்றத்தின் பக்கத்துக்கும் அதே நியாயம்தான். முப்பது விநாடி சாம்பிள் போதும். பறையைத் தீயில் காய்ச்சும் கை, தாளம் தப்பிச் சிரிக்கும் பையன், அவனை முறைக்கும் வாத்தியார். தலைவரின் வரவேற்புரையை முழுதாக நேரலை செய்யலாம், தப்பில்லை. பார்க்கப்போவது அவர் வீட்டார்தான்.

சமூக ஊடகத்தில் பெரிய வெற்றி பெற்ற வெளிநாட்டு மியூசியங்களைப் பார்த்தால் வியூகம் என்ற சொல்லுக்கே மரியாதை குறைந்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் உள்ள தேசிய கௌபாய் மியூசியம் கதவை மூடியது. உள்ளே மிஞ்சியவர் பாதுகாப்புத் தலைவர் டிம் டில்லர். ட்விட்டர் கணக்கை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஹேஷ்டேக் போடச் சொன்னதும் அந்தக் குறியைப் போடாமல் "ஹேஷ்டேக்" என்று எழுத்துக்கூட்டி எழுதினார். ஒவ்வொரு பதிவின் கீழும், கடிதத்தில் எழுதுவதுபோல, நன்றி சொல்லி "டிம்" என்று கையெழுத்துப் போட்டார். சந்தேகம் வந்தால் பேரனிடம் கேட்டார். பத்தாயிரத்தைக்கூடத் தொடாமல் இருந்த பின்தொடர்வோர் எண்ணிக்கை சில வாரங்களில் லட்சங்களுக்குப் போய்விட்டது.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் கிராம வாழ்க்கைக்கென்று ஒரு மியூசியம் உண்டு. 2018 ஏப்ரலில் அது 1962-இல் எடுத்த ஒரு செம்மறிக் கிடாயின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, கிடாயின் உடம்பை வியந்து ஒரே ஒரு வரி எழுதியது. உலகமே வந்து அந்த ஆட்டைப் பார்த்தது. ஜல்லிக்கட்டுக் காளையும் கிடாய் முட்டும் பார்த்து வளர்ந்த தேனி மாவட்டத்துக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்மூரில் அந்தக் கிடாய்க்கு ஒரு ஃப்ளெக்ஸே வைத்திருப்பார்கள்.

ஆகவே போடி மன்றமும் ஆலோசகரைத் தேடி மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம். காலையில் கேட்டைத் திறந்து, சாயங்காலம் நாற்காலியை அடுக்கி, பூட்டைப் போட்டு இழுத்துப் பார்க்கிறவர் யாரோ அவர் கையில் போனைக் கொடுத்தால் போதும். அவர் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்னிக்கு சிலம்பம். பதினோரு பிள்ளைக வந்துச்சு. ஒரு கம்பு ஓட்டு மேல போயிருச்சு. பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போட வந்தாங்க, அப்புறம் உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தாங்க. நாளைக்கு லீவு." இதில் நாள் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அடுத்த வகுப்புக்கு வரலாமா என்ற கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. மன்றத்தின் ஆண்டறிக்கையில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது துர்லபம்.

பதிவு போடும் நேரத்துக்கும் உள்ளூர்க் கணக்கு வேண்டும். காலை ஒன்பது மணிதான் உகந்தது என்று எங்கோ எழுதியிருக்கும். அது அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவர்களின் நேரம். இங்கே தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறியாகிவிட்டது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதில் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் பக்கத்து அக்காவையும் பிடித்திருக்கும்போது லைக் போட மூன்றாவது கை கிடையாது. மேலே போனால் சிக்னல் ஒரு ஏலச்செடிக்கு இருக்கும், அடுத்த செடிக்கு இருக்காது. அவர்கள் இறங்கி வந்து, குளித்து, உலை வைத்த பிறகு ஒரு கால் மணி நேரம் போனைக் கையில் எடுப்பார்கள். மன்றத்தின் நேரம் அதுதான். கோடவுனில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய அதே நேரந்தான். இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் மன்றம் என்றால் பதிவும் இவர்கள் நேரத்துக்கு வர வேண்டியதுதானே?

என்ன படம் போடுவது என்பதிலும் ஒரு சபலம் உண்டு. மேகம். டாப் ஸ்டேஷன் மேகம், போடிமெட்டு மேகம், மேகத்துக்கு முன்னால் கைவிரித்து நிற்கும் மைத்துனர். இந்தப் படம் வெளியூர்க்காரர் எல்லோர் போனிலும் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' இதே மலைத்தொடரின் சரிவில் காமிராவை வைத்து, சுமை தூக்கி ஏறி இறங்குகிறவரைப் பார்த்தது. உள்ளூர் முகங்கள் பலவற்றை நடிக்க வைத்தது. மேகமும் அதில் உண்டு, ஆனால் மேகத்துக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. மன்றத்தின் காமிராவும் கொஞ்சம் கீழே இறங்கலாம்.

லைக் வந்தால் என்ன செய்வது? இதைத் தீர்மானிக்காமல் விடுவதில்தான் பல மன்றங்கள் தடுக்கி விழுகின்றன. முன்பே தீர்மானித்ததற்குப் பக்கத்து மலையிலேயே நல்ல உதாரணம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவுக்கு எதிராக அங்கே வேலை பார்த்தவர்கள் 2001-இல் ஆலை மூடியதிலிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் நிக்கி மினாஜின் ஒரு மெட்டில் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாட்டைப் பாடினார். மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில், ஆலையை நடத்திய யூனிலீவரின் இந்திய நிறுவனம் 591 தொழிலாளர்களின் தரப்போடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே இதைச் செய்யவில்லை. பதினைந்து ஆண்டுப் போராட்டம் அதன் பின்னால் இருந்தது. ஆனால் பாட்டைக் கேட்டவருக்கு யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. "கலை விழிப்புணர்வு" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், விழித்தவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ஞாயிறு நாலு மணி, இந்தத் தெரு, பையனைக் கூட்டிட்டு வாங்க, பீஸ் கிடையாது" என்றால் நாலு பேராவது எழுந்து வருவார்கள்.

நாலு பேர்தானா என்று மனம் உடையக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்காட்டில் அடுப்பு மூட்டி 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலந்தது அதற்கு முன்பே. பொறுமையைப் பற்றி போடிக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நின்ற ரயில், 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் திரும்ப போடி வந்தது. பன்னிரண்டரை வருஷம் ரயிலுக்குக் காத்திருந்த ஊர், ஒரு ரீலுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்காதா!

ஆனால் ஊடகம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. களைவெட்டி முடித்த கையோடு டூயட் பாடியவர்களும், டீக்கடை வாசலில் வடிவேலுவாக நடித்தவர்களும் சேர்த்துவைத்த ரசிகர்கள் ஒரே ராத்திரியில் போனார்கள். மன்றத்தின் வாசலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் பேனா கட்டி வைத்தால் வருகிறவர் பெயரும் போன் நம்பரும் அதில் ஏறும். அந்த நோட்டை எந்த அரசாணையும் முடக்காது. பேனாவைத்தான் யாராவது எடுத்துப் போவார்கள். அதே நோட்டில் இன்னொரு கலம் போட்டு, பிள்ளைகளின் படத்தை பேஸ்புக் பக்கத்தில் போடலாமா என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் நல்லது.

மிச்சம் இருப்பது கடவுச்சொல். மன்றத்தின் பக்கத்தை உருவாக்கித் தந்தவர் எப்போதும் யாரோ ஒருவரின் அக்கா மகன். அவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிடும். போகும்போது கடவுச்சொல்லையும் கூடவே கொண்டுபோவார். போன் பண்ணினால் "நைட் ஷிஃப்ட் மாமா, காலைல சொல்றேன்" என்பார். ஆகவே முதல் கூட்டத்திலேயே அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உறையில் போட்டு, செயலாளரும் பொருளாளரும் குறுக்கே கையெழுத்திட்டு பீரோவில் வைக்கலாம். பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.