கைநாட்டு

1984-ஆம் ஆண்டு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராகச் சேர்ந்தேன். காலை ஏழு மணிக்கு, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மேஸ்திரி ஓங்கி அடிப்பார். அதுதான் மஸ்டருக்கு அழைப்பு. பனி விலகியிருக்காது. பெண்கள் கொங்காடையும் கூடையுமாக ஒரு வரிசை, ஆண்கள் கவாத்துக் கத்தியோடு ஒரு வரிசை. தோட்ட மேலாளரான துரை படிமேல் நின்று எந்தக் காட்டில் என்ன வேலை, எத்தனை ஆள் என்று சொல்வார். மேஸ்திரி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். "சரிங்க" என்று ஒரே குரல் எழும். பத்து நிமிடத்தில் களம் காலி. நான் செக்ரோலில் ஆள் குறிப்பேன். சம்பள நாளில் அந்தப் பெயர்களுக்கு நேரே மை தொட்ட பெருவிரல்கள் பதியும். பேச்சு மேலிருந்து கீழே இறங்கியது. கீழிருந்து மேலே போனது அந்தக் கைநாட்டு ஒன்றுதான்.

1987 மார்ச் மாதம். களை வெட்டிவிட்டுத் திரும்பிய ஓர் அக்கா என் மேசை அருகே நின்றார். சேர்வராயன் மலைக்காரர். "ரைட்டரய்யா, மேட்டுக்காட்டுல அங்கங்க எலை பழுத்துக்கிட்டு வருது. தண்டத் தடவிப் பாத்தேன், வரிவரியா மேடு தட்டுது. நெழல் மரத்தக் கழிச்ச எடமாப் பாத்துத்தான் இருக்குது" என்றார்.

அவர் சொன்னது தண்டு துளைப்பானின் அடையாளம். அந்தப் பூச்சி அரேபிகா காப்பிச் செடிக்கு எமன். வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் குடையும். உள்ளே அது போன தடம்தான் பட்டைமேல் வரியாகப் புடைக்கும். வெயில் நேராக விழும் செடிகளையே வண்டு தேடிப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் வண்டுகள் வெளியேறிப் பறப்பதற்குள் நோய்ச்செடியைப் பிடுங்கி எரித்தால் பக்கத்துச் செடி தப்பும். ஆக, அந்த அக்கா இடம், அடையாளம், காரணம் மூன்றையும் சரியான மாதத்தில் சொல்லிவிட்டார். படித்த நிபுணர் சொல்வதும் இதற்கு மேல் இருக்காது.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நெழலக் கழிக்கச் சொன்னது தொர. பூச்சி வந்துடுச்சுன்னு நான் போய் சொன்னா, உங்க உத்தரவாலதான் வந்துச்சுன்னு சொன்ன மாதிரி ஆயிடும்." நான் பேனாவை மூடினேன். இரண்டு பருவம் கழித்து மேட்டுக்காட்டையே பிடுங்கி எரித்தோம். தீ வைத்த கூட்டத்தில் அந்த அக்காவும் இருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

துரை கெட்டவர் அல்ல, மேஸ்திரி கோழையும் அல்ல. அந்தக் களத்தில் கேள்விக்கு இடமே ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். நல்ல சேதி படியேறும். உத்தரவு போட்டவரையே சுட்டும் சேதி முதல் படியிலேயே நின்றுவிடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் ஒன்றரை நூற்றாண்டாகச் செடியை நாள்தோறும் தொட்டுப் பார்த்தவர்கள் இந்த மலை மக்கள். அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் எங்கள் பேரேட்டில் ஏறவில்லை.

கூட்டம் என்றால் என்ன என்பதை நான் கற்றது பதினைந்து வருடம் கழித்து, ஒரு கோயில் திண்ணையில். அப்போதைய தர்மபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் எங்கள் மலைக்கும் ஏறி வந்திருந்தன. ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதித் தரக் கூப்பிட்டார்கள். பதினாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊக்குநர் தீர்மான நோட்டைப் பிரித்துப் போன வாரத் தீர்மானத்தை வாசித்தார். "இதுல எது நடந்துச்சு, எது நடக்கல?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு சுற்றி வந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஊக்குநர் தன் கருத்தைக் கடைசியில் சொன்னார். முடிவில் நோட்டு கைமாறியது. எழுத்துக் கூட்டித் தன் பெயரை முதன்முறையாகக் கையெழுத்திட்ட ஒரு பாட்டி, மை காயும்வரை நோட்டை மூடவிடவில்லை.

பின்னர்தான் தெரிந்தது, உலகில் வேறு இடத்திலும் இதே வட்டம் இருக்கிறது என்று. அதே 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக வயல்வெளிப் பள்ளி தொடங்கினார்கள். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பூச்சி பெருகிய காலம் அது. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, செடியையும் பூச்சியையும் எண்ணி, பார்த்ததைப் படமாக வரைந்து, கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மருந்து சிலந்தியைக் கொன்றுவிடுவதால்தான் புகையான் பெருகுகிறது என்பதைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். பாடம் நடத்துபவர் கேள்வி கேட்டார். பதில் வயலிலிருந்து வந்தது.

எங்கள் தொழிலும் மாறியது. அதுவரை விளைந்ததைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. 1996-இல் அந்த முறை முழுதாக நீங்கியபின், பழம் பறிக்கும் கை முதல் உலர்களம் வரை எங்கே தரம் கெடுகிறது என்று தோட்டக்காரரே கேட்டறிய வேண்டியதாயிற்று. நான் பின்னர் வேலை பார்த்த ஒரு சிறு தோட்டத்தில், திண்ணையில் கற்றதை மஸ்டருக்குக் கொண்டுவந்தோம். வரிசை வட்டமானது. நேற்று சொன்னது என்ன ஆயிற்று என்று மேஸ்திரி முதலில் பதில் சொல்வார். பிறகு, நேற்று செடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்போம். முதலாளி கடைசியில்தான் பேசுவார். நோய்ச்செடியைக் காட்டுபவர் பெயரை நோட்டில் எழுதுவோம். ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் துளைப்பான் செடிகள் ஒன்றிரண்டாக இருக்கும்போதே அகப்பட்டன.

இன்று தண்டவாளத் துண்டு ஓசை பல தோட்டங்களில் இல்லை. மஸ்டர் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. விடியும் முன்பே உத்தரவு வந்துவிடுகிறது. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். தோட்டத்தில் மட்டுமல்ல, அலுவலகம், பள்ளி, வங்கி எங்கும் இதே காட்சிதான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் 1984-இன் செக்ரோல் நினைவுக்கு வருகிறது. மை மட்டும் இல்லை. மற்றபடி அதே கைநாட்டு. சேதி கிடைத்தது என்பதற்கு அது சாட்சி. புரிந்தது என்பதற்கோ, சம்மதம் என்பதற்கோ அது சாட்சி ஆகாது. மேட்டுக்காட்டைப் பற்றி எவரும் அதில் எழுத முடியாது.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவர் யாராக இருந்தாலும் அவரிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். அதிகம் பேசாதவரை முதலில் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பெயரோடு எழுதி, மறு கூட்டத்தில் அதற்கே முதல் பதில் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்தச் செடி பழுக்கிறது என்று தெரிந்த ஒருவர் இன்றும் அந்த வரிசையில் நிற்கிறார்.