ஒல்லி நெல்லுக்கு இருபது ரூபாய்

நம் அரசாங்கத்துக்கு அரிசி மேல் இருக்கிற கரிசனத்தைப் பார்த்தால் கண் கலங்குகிறது. கொள்முதல் செய்த நெல்லை ஆலைக்கு அனுப்பி, மல்லிகைப்பூ நிறம் வரும்வரை தீட்டச் சொல்கிறது. தவிட்டோடு இரும்புச் சத்தும் பி வைட்டமின்களும் எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போய்ச் சேர்கின்றன. மாடு தெம்பாக இருக்கிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐயையோ!

உடனே அரிசியை மாவாக்கி, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்து ரேஷன் கடைக்கு அனுப்பினார்கள். அரிசியிலிருந்து அரிசி செய்கிற இந்த வித்தைக்கு 2028 டிசம்பர் வரை 17,082 கோடி ரூபாய்க்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தின்னப் போகிறவர்களுக்கு விளங்க வைக்க மட்டும் ஆளிருக்கவில்லை. வீட்டில் அரிசியை முறத்தில் பரப்பினால், கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் வழவழப்பாக, தண்ணீரில் போட்டால் மிதக்கிற மணி அங்கங்கே கிடந்தது. "பிளாஸ்டிக் அரிசிடீ" என்று கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி வாசலில் எறிந்தார்கள். கோழிக்கும் ரத்தசோகை வர வாய்ப்பில்லை. தலசீமியா என்னும் ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்று மூட்டையில் ஒரு எச்சரிக்கை வாசகம் இருந்தது. ஆபத்துக்குச் சான்று இல்லை என்று நிபுணர் குழு சொல்ல, 2024-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் மட்டும்? தராசில் அளந்து பையில் கொட்டுகிற கடையில் மூட்டையின் முகத்தை யார் படித்தார்கள்?

இத்தனைக்கும் சத்தை நெல்லுக்குள்ளேயே வளர்த்துக் கொடுத்தவர்கள் இந்த நாட்டு விஞ்ஞானிகள்தான். கட்டாக் தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சி.ஆர். தான் 310 ரகத்தில் புரதம் 10.3 சதவீதம். வழக்கமான ரகங்களில் ஏழு, எட்டைத் தாண்டாது. ஹைதராபாத்தில் உருவான டி.ஆர்.ஆர். தான் 45 ரகத்தில், தீட்டிய பிறகும் துத்தநாகம் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம். மற்றவற்றில் 12 முதல் 16 வரைதான். துத்தநாகம் ரத்தசோகைக்கு மருந்தல்ல, உண்மை. தீட்டிய அரிசியில் இரும்பை ஏற்றுவது விதை விஞ்ஞானிகளுக்கு இன்னும் பெரும்பாடு, அதுவும் உண்மை. ஆனால் அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வளர்கிற பிள்ளைக்குத் துத்தநாகம் வேண்டும்.

2020 அக்டோபர் 16 அன்று பிரதமர் இப்படிச் சத்தேற்றிய 17 பயிர் ரகங்களை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மேடையில் 75 ரூபாய் நினைவு நாணயம் ஒன்றும் வெளியானது. அந்த நாணயத்தைக் கொடுத்து யாரும் கடையில் சாமான் வாங்கியதாகத் தெரியவில்லை. ரகங்களின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

ஏன் என்று கேட்க ஆராய்ச்சி நிலையம் வரை போக வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். ஈரமானியில் 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறதா, தூசி எவ்வளவு, கருக்காய் எவ்வளவு, மூட்டைக்கு 'மாமூல்' எவ்வளவு என்று எல்லாம் துல்லியமாகப் பார்ப்பார்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை, குவிண்டாலுக்கு சாதா ரகம் 2,369 ரூபாய், 'ஏ' ரகம் 2,389 ரூபாய். எதற்கு அந்த இருபது ரூபாய்? நெல் நீளமாக, ஒல்லியாக இருப்பதற்கு! இடுப்பளவுக்கு விலை உண்டு, புரதத்துக்கு இல்லை, துத்தநாகத்துக்கு இல்லை. இது பெண் பார்க்கிற படலமா, சோற்றுக்கு நெல் வாங்குகிற இடமா? விளைச்சலும் விலையும் கூடுதலாகத் தராத விதையைத் தேசத்தின் துத்தநாகத்துக்காக விதைக்க விவசாயி என்ன நேர்ந்துகொண்டா வந்திருக்கிறான்?

நெல்லில் ஏறும் நஞ்சு விஷயமும் இதே லட்சணம்தான். ஜப்பானின் அகிதா மாகாணம் தன் புகழ்பெற்ற அகிதாகொமாச்சி நெல்லையே, காட்மியத்தை உறிஞ்சாத ரகமாக மாற்றி 2025 முதல் வயலுக்குக் கொண்டுவந்தது. ஆர்செனிக் நிலத்தடி நீரில் ஊறிய மேற்கு வங்கத்தில், மணியில் ஆர்செனிக் குறைவாகச் சேரும் 'முக்தஸ்ரீ' ரகத்தை நம்மவர்களும் உருவாக்கினார்கள். அதற்கும் ஆதரவு விலையில் ஒரு காசு அதிகமில்லை. விஷம் குறைந்த நெல்லும் கூடிய நெல்லும் அரசாங்கத் தராசில் ஒரே எடை.

விளைந்த நெல்லையாவது காத்தார்களா? 2025 அக்டோபர் மழையில் காவிரி டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் நெல் நனைந்து முளைவிட்டது. சாலையோரத்தில் கொட்டிய குவியலைக் கையால் கிளறினால் வெள்ளை வெள்ளையாக முளை. ஆலைக்கு ஏன் போகவில்லை? அரிசியில் கலக்க வேண்டிய செறிவூட்டிய மணிக்கு மத்திய அரசின் ஒப்புதல் தாமதம் என்றது தமிழக அரசு. பிறகு மத்தியக் குழு வந்து ஈரத்தை அளந்தது. தொழிற்சாலைச் சத்து வரும்வரை வயலில் விளைந்த சோறு தெருவில் அழுகலாம் என்பதுதான் அன்றைக்கு நம்முடைய ஊட்டச்சத்துக் கொள்கை.

அடுத்த ஆதரவு விலை அறிவிப்பில் துத்தநாக நெல்லுக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் மனுக் கொடுங்கள். "துத்தநாகமா, அது எந்தத் தொகுதி?" என்று அவர் கேட்டாலும் விடாதீர்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.