அடிக்கத்தான் அடிக்கிறே, கேட்டுக்கிட்டு அடி

வாப்பா பேராண்டி, உக்காரு. ரெண்டு கையிலயும் குச்சி, மடியில ஒங்கம்மாவோட தலகாணி. ராக் டிரம்ஸ் கத்துக்கிறியாம். வாத்தியார் யாருன்னு கேட்டா போனைக் காட்டுறே. நாப்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவுல எடுத்த வீடியோ பாடம். சந்தோஷம். மயிலாப்பூர்ல வாத்தியாருக்குப் பஞ்சம் வந்தது எனக்குத் தெரியாமப் போச்சு. மாட வீதியில தடுக்கி விழுந்தா மிருதங்க வித்வான் வீட்டுத் திண்ணையிலதான் விழணும்பாங்க. நீ தடுக்கி விழாம ரொம்ப ஜாக்கிரதையா நடந்திருக்கே.

எனக்கென்ன தெரியும், நான் நீடாமங்கலத்து வயக்காட்டு ஆளு. தவில் சத்தத்துல தூங்கி, தவில் சத்தத்துல எந்திரிச்சவன். இப்ப மந்தைவெளி ஃபிளாட்டுக் கூடத்துல கட்டிலைப் போட்டுக் கெடக்கேன். நீ பாக்குற பாடத்தையெல்லாம் நானும்தான் கேக்குறேன். கெழவன் தூங்குறான்னு நீ நெனைச்சுக்கிட்டிருக்கே. அப்படியே நெனைச்சுக்க.

மொதல்ல பாராட்டு, திட்டு அப்புறம். முப்பது செகண்ட் வித்தையை விட்டுட்டுப் பழசைப் புடிச்சே பாரு, அதுல புத்தி தெரியுது. ஸ்டீவ் கேட் 1983ல பண்ணின ‘அப் க்ளோஸ்’, டேவ் வெக்கல் 1988ல பண்ணின ‘பேக் டு பேசிக்ஸ்’, இதெல்லாம் சாவகாசமா எடுத்த பாடம். நியூயார்க்ல டிரம்ஸ் பள்ளிக்கூடம் நடத்தின ராப் வாலிஸும் பால் சீகலும் டிசிஐன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, பெரிய பெரிய கைகாரனையெல்லாம் கேமரா முன்னாடி உக்கார வெச்சாங்க. கை எங்கேருந்து கெளம்புது, குச்சி எப்படித் துள்ளித் திரும்புதுன்னு நின்னு நெதானமாக் காட்டினாங்க.

அப்ப இங்கே என்ன நெலமை? மெட்ராஸ்ல டெக்கும் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே உக்காந்து விடிய விடிய மூணு படம் பாக்கும். எவனோ ஒருத்தன் மாமா மூலமா அமெரிக்காவுலேருந்து டிரம்ஸ் கேசட்டு வரவழைச்சு டெக்குல போட்டான்னு வெச்சுக்க. அவன் ஊரு கேசட்டு என்டிஎஸ்சி முறை, நம்ம ஊரு டெக்கு பால் முறை. கலர் போயிடும், படம் மேலேயும் கீழேயும் உருளும். ஸ்நேர் எது சிம்பல் எதுன்னு கண்டுபுடிக்கிறதே அரைப் படிப்பு. ஒனக்கு எல்லாம் கலர்ல தெளிவா வருது. அதான் ஒரே வாரத்துல நாலு வாத்தியாரை மாத்துறே. திங்கக்கெழமை கேட், செவ்வாக்கெழமை வெக்கல், புதன்கெழமை அவங்க ரெண்டு பேரும் போரடிச்சு இன்னொருத்தன். ஒரே நாத்தங்கால்ல நாலு ரகம் வெதைச்ச மாதிரி இருக்கு ஒன் கை. எது எந்த ரகம்னு வெதைச்சவனுக்கே தெரியலே. ஒரு கேசட்டு புடிச்சுக்க. அது மனப்பாடம் ஆகுற வரைக்கும் அடுத்ததைத் தொடாதே. போனைச் சொல்லி என்ன பண்றது, அது தொடச் சொல்லிக்கிட்டேதான் இருக்கும்.

அந்தக் கனடாக்காரன் கதையை நீயே எனக்குப் படிச்சுக் காமிச்சே. படிச்சுட்டு அதுல இருக்குற சங்கதியை மட்டும் விட்டுட்டே. நீல் பியர்ட். ரஷ்ங்கிற மூணு பேர் கோஷ்டியில டிரம்ஸ். 1990 வாக்குல டிரம்ஸ்னா அவன்தான்னு ஒலகமே சொல்லிக்கிட்டிருந்த ஆளு. 1994ல பட்டி ரிச்ங்கிற பழைய டிரம்ஸ்காரன் பேர்ல ஒரு ரிக்கார்டு போடப் பல பேரைக் கூப்பிட்டான். அதுல ஸ்டீவ் ஸ்மித்னு ஒரு டிரம்ஸ்காரன் வந்து வாசிச்சான். பழைய ஸ்மித் இல்லே இவன், கையே வேறயா இருக்கேன்னு விசாரிச்சா, ஃப்ரெட்டி க்ரூபர்னு ஒரு கெழவன்கிட்டப் பாடம் கேட்டேன்னான். பியர்ட் என்ன பண்ணினான்? நாப்பத்திரெண்டு வயசு, கோடிக்கணக்குல ரிக்கார்டு வித்தாச்சு, கெழவன் முன்னாடி போயி உக்காந்துட்டான். குச்சி புடிக்கிறதுலேருந்து திரும்பவும் ஆரம்பம். அடிக்கிறதை விடு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல கை எந்த வழியாப் போவுதுன்னுதான் அந்தக் கெழவன் பாப்பானாம். அதுக்கப்புறம்தான் 1996ல ‘எ வர்க் இன் ப்ராக்ரெஸ்’னு வீடியோ போட்டான் பியர்ட். அதைத்தான் நீ ராத்திரி போர்வைக்குள்ள பாக்குறே. வெக்கலும் க்ரூபர்கிட்டப் படிச்சவன்தான். ஒன் வீடியோ வாத்தியார்ங்க எல்லாருக்கும் உசுரோட ஒரு வாத்தியார் இருந்திருக்கான். ஒனக்கு மட்டும் வேண்டாமாம். பெரிய மனுஷன்!

வீடியோ வாத்தியார்கிட்ட ஒரு சொகம் இருக்கு, நான் இல்லேங்கலே. அவரு ஒன்னை “நிறுத்து”ன்னு சொல்லவே மாட்டாரு. நீ தப்பா அடிச்சாலும் கடைசியில பல்லைக் காட்டி “நல்லது, அடுத்த பாடம்”பாரு. நீயும் பாஸாயிட்டோம்னு அடுத்ததுக்குப் போவே. நீ பேரடிடில் அடிக்கிறே பாரு, வல இட வல வல, இட வல இட இட. அதுல எடது கையில வர்ற ரெட்டை அடியில ரெண்டாவது அடி மெலிஞ்சு போவுது. கட்டில்ல கெடக்குற எனக்குக் கேக்குது. கேமராவுக்குள்ள இருக்குறவருக்கு எப்படிக் கேக்கும்? கோடம்பாக்கத்துல எப்படிக் கத்துக்கிட்டாங்க தெரியுமா? அப்பல்லாம் பாட்டுப் பதிவுன்னா மொத்த வாத்தியக் கோஷ்டியும் ஒண்ணா உக்காந்து ஒரே மூச்சுல வாசிக்கணும். டிரம்ஸ்காரன் எங்கேயாவது வழுக்கினா அத்தனை வயலினும் திரும்ப மொதல்லேருந்து. எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பார்வையில தேறினவங்கதான் எம்.எஸ்.வி. காலத்து நோயல் கிராண்டும், இளையராஜா கோஷ்டியில இருந்த புருஷோத்தமனும்.

சிவமணியைச் சொல்லுவே, அவரு தண்ணி கேனையும் சூட்கேஸையும் தட்டினாலே ஊரு கை தட்டுதேன்னு. தட்டும். அவங்கப்பா எஸ்.எம். ஆனந்தனும் வாத்தியக்காரர். பையன் ஏழு வயசுல குச்சி எடுத்தாச்சு. பில்லி கோபமோட டிரம்ஸை எவ்வளவு கேட்டாரோ அவ்வளவு விக்கு விநாயக்ராமோட கடத்தையும் கேட்டிருக்காரு. இவ்வளவும் முடிச்சுட்டுத்தான் சூட்கேஸுக்கு வந்தாரு. நீ மொதல் பாடத்துலயே ஒங்கப்பனோட சூட்கேஸை எடுத்தே. அதுல கைப்பிடி இப்ப இல்லே.

இன்னொரு வேடிக்கையும் கேளு. அந்த ஸ்டீவ் ஸ்மித் இருக்கானே, ஜர்னி கோஷ்டியில ராக் வாசிச்சவன், அவன் வாயால ஜதி சொல்ற கொன்னக்கோலைக் கத்துக்கிட்டு, நம்ம ஐஐடியில படிச்ச கிட்டார் பிரசன்னாவோட சேந்து ‘ராகா பாப் ட்ரையோ’ன்னு கச்சேரி பண்ணினான். கிட்டார்காரன் ஜான் மெக்லாக்லினும் விநாயக்ராம் மகன் செல்வகணேஷும் 2007ல கொன்னக்கோலுக்கே ஒரு டிவிடி பாடம் போட்டாங்க. வெள்ளைக்காரன் தரையில உக்காந்து தகதிமி சொல்லிக் குடுக்குறான். அதையும் நீ டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கே, நான் பாத்தேன். தகதிமி கேக்குறதுக்கு மந்தைவெளியிலேருந்து கலிஃபோர்னியா வழியாத் திரும்பி மந்தைவெளிக்கு வர்றே. மயிலாப்பூர் டேங்க் பஸ்ஸுல ஏறினா ஒரு ஸ்டாப்புடா.

ஒடனே மாரைத் தட்டிக்காதே. எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்னு பேசிக்கிட்டுத் திரியுற பெரியப்பாமாரு எல்லாக் கல்யாண வீட்டுலயும் ரெண்டு பேரு இருக்காங்க, நீ மூணாவதா வேண்டாம். கால்ல மிதிச்சுப் பெரிய மோளத்தை அடிக்கிற பெடல் லுட்விக் குடும்பத்துக்காரன் 1909ல பண்ணினது. சிம்பல் தட்டுற ஜில்ஜியான் கம்பெனி 1623ல துருக்கியில ஒரு ஆர்மீனியக்காரன் தொடங்கினது. அது அவங்க சொத்து, மரியாதையாக் கத்துக்க.

சொல்லுக்கட்டு ஒனக்கு எங்கே ஒதவும்னா, வாயில. ஜெஃப் போர்காரோ வீடியோவுல ‘ரோசானா’ பாட்டு நடையைப் பிரிச்சுக் காட்டுறானே, அதைப் பாத்து ஒரு வாரமா முழி பிதுங்கி நிக்கிறே. அது என்ன, திஸ்ரம்தானே. தகிட தகிடன்னு வாயால சொல்லு. ‘த’வும் ‘ட’வும் வலது கையில ஹைஹாட்டுக்கு. நடுவுல வர்ற ‘கி’ எடது கையில ஸ்நேருக்கு, பக்கத்து ரூம்ல தூங்குற கொழந்தை முழிக்காத அளவுக்கு மெதுவா. மூணாவது எண்ணிக்கையில மட்டும் ஸ்நேர்ல பளீர்னு ஒண்ணு. மொதல் காலத்துல சொல்லு, ரெண்டாம் காலத்துல சொல்லு, நாக்கு தடுமாறாம வந்தப்புறம் குச்சியைத் தொடு. போர்காரோவே இது தன்னோட சொந்த சரக்கு இல்லே, பெர்னார்ட் பர்டிகிட்டேருந்தும் ஜான் பானம்கிட்டேருந்தும் எடுத்துக் கோத்ததுன்னு அதே வீடியோவுல சொல்றான். அந்த எடத்தை நீ ஓட்டிவிட்டுட்டே.

ஒன் பெரிய வியாதிக்கு வர்றேன். அது மயிலாப்பூர் வியாதி. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தட்டு விழறது ஒண்ணுலயும் அஞ்சுலயும் ஏழுலயும். நம்ம காது எதைச் சுத்தினாலும் கடைசியில சமத்துல வந்து உக்காரத்தான் பாக்கும். ராக்ல நாலு எண்ணு. ஒண்ணுல கால், ரெண்டுலயும் நாலுலயும் ஸ்நேர். அவ்வளவுதான் சோறு, மீதியெல்லாம் அப்பளம். நீ என்ன பண்றே? ஏழு சுத்து அடக்கமா வாசிக்கிறே. எட்டாவதுல ஒனக்குள்ள இருக்குற சபா ரசிகன் துண்டை ஒதறிக்கிட்டு எந்திரிக்கிறான். ஒரு கோர்வை, மூணு தீர்மானம், தொப்புன்னு சமத்துல விழறது. விழுந்துட்டு, யாராவது “பேஷ்” சொல்றானான்னு திரும்பிப் பாக்குறே. தலகாணி எப்படிடா பேஷ் சொல்லும்?

மிருதங்கக்காரர் பாட்டுக்குப் பின்னாடி போறவர். அவருக்குன்னு தனி ஆவர்த்தனம்னு ஒரு நேரம் ஒதுக்கி வெச்சிருக்காங்க, சபாவுல பாதிப் பேரு கேன்டீனுக்குக் கெளம்புற நேரம் அது. ராக்ல டிரம்ஸ்காரனுக்குப் பின்னாடி மத்தவன் வர்றான். நீ ஓடினா எல்லாரும் ஓடணும், நீ தள்ளாடினா எல்லாரும் தள்ளாடணும். சார்லி வாட்ஸ் 1963லேருந்து 2021ல கண்ணை மூடுற வரைக்கும் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு வாசிச்சான். குட்டியூண்டு டிரம் செட்டு. தனியா வித்தை காட்டணும்னு அவன் ஆலாப் பறந்ததே கெடையாது. நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷமும் ஒரே நடை. ஒனக்கு அது முடியாது. வேகமா அடிக்கச் சொல்லு, அடிப்பே. மெதுவா, ஒரே மாதிரி, அலங்காரம் இல்லாம அடிக்கச் சொன்னா மூணாவது சுத்துல கை அரிக்குது. மெட்ரோனோமை நிமிஷத்துக்கு அறுவதுல வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் ஒரு கோர்வையும் வைக்காம வாசிச்சுக் காட்டு. என் பென்ஷன்ல ஒனக்கு சிம்பல் வாங்கித் தர்றேன். நம்பிக்கையோடதான் சொல்றேன், பென்ஷனுக்கு ஆபத்தில்லே.

மாடி வீட்டு மாமி விஷயம். டிரம் செட்டு வாங்கிடலாம்னு மவுன்ட் ரோடு மியூசி மியூசிகல்ல வெலை விசாரிச்சுட்டு வந்திருக்கே. செட்டு 100 டெசிபலைத் தாண்டிக் கத்தும். 2000ல போட்ட சத்தக் கட்டுப்பாட்டு விதி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் 45ங்குது. மாமிக்கு விதி தெரியாது, ஆனா மாமி பையன் வக்கீல். அதனால காலண்டரைப் பாத்து வாசி. மார்கழி பொறந்தா சாயங்காலம் நாலு மணிக் கச்சேரிக்கு மாமி கெளம்பிடுவா, ராத்திரி ஒம்போதுக்கு மேலதான் திரும்புவா. ஒரு மாசம் ஃபிளாட்டே ஒனக்கு. ஆடி மாசம் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் மைக் செட்டும் பம்பையும் சேந்துச்சுன்னா, நீ எதை ஒடைச்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது. மீதி மாசத்துக்கு ரப்பர் பேடு. அது தலகாணி மாதிரி அடியை முழுங்காது, குச்சியைத் திருப்பி எறியும். அந்தத் திரும்புற குச்சியைக் கட்டுறதுதான்டா பாதி வித்தை. தலகாணியில எத்தனை வருசம் அடிச்சாலும் அது வராது, ஒங்கம்மாவுக்குக் கழுத்து வலிதான் வரும்.

கடைசியா ஒண்ணு. டிரம்ஸுங்கிறது தனியா அறையைச் சாத்திக்கிட்டு வாசிக்கிற வாத்தியம் இல்லே. அடையாறு அன்வைண்ட் சென்டர்ல ஒரு காலத்துல ராக் பசங்க கூட்டமா ஒத்திகை பாத்து, ஜூன் மாசத்துல விழாவே எடுத்தாங்க. ஐஐடி சாரங் விழாவுல, அதுக்கு மார்டி கிரான்னு பேரு இருந்த காலத்துலேருந்தே, திறந்தவெளி அரங்கத்துல காலேஜ் பசங்க தப்பும் தவறுமா வாசிச்சுத்தான் ராத்திரியைக் கிழிச்சாங்க. 2018ல ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பசங்க பறையையும் சட்டியையும் ராக் டிரம்ஸையும் ஒரே மேடையில வெச்சாங்களே, அதுல ஒருத்தன் இன்னொருத்தனுக்கு எப்படி எடம் விடுறான்னு பாரு. எந்தக் கேசட்டுலயும் அந்தப் பாடம் கெடையாது. தி. நகர்ல ஒன் சிநேகிதன் ஒருத்தன் பாஸ் கிட்டார் வெச்சுக்கிட்டு இதே மாதிரி அறைக்குள்ள உக்காந்து வீடியோ பாத்துக்கிட்டிருக்கானாமே. வர்ற ஞாயித்துக்கெழமை அவனைக் கூட்டிக்கிட்டு வா. கூடத்துல வாசிங்க. மாமியையும் நானே காபிக்குக் கூப்பிட்டுடறேன். தாளம் தப்பினா அவ சொல்லிடுவா, அவ அண்ணன்தான் ஒரு காலத்துல இந்தத் தெருவுல மிருதங்கம் சொல்லிக் குடுத்தவரு.